மடியில் கனம் இல்லாதவனுக்குத் தனியுரிமை எதற்கு?

கேள்வி இதுதான்: "ஆதார் எண், போன் நம்பர், முகவரி எல்லாம் ஏற்கெனவே ஊர் முழுக்கப் போய்விட்டது. தப்புச் செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்? சோறு, வேலை, படிப்பு வரிசையில் இதையும் அடிப்படை மனித உரிமை என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா? வசதியானவர்களும் படித்தவர்களும் படும் கவலையாகத்தான் எனக்குத் தோன்றுகிறது."

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நான் மாறுபடுவது முக்கியமாக அங்கேதான். வசதியானவருக்கு மதில் சுவர் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். "விவரம் தர முடியாது" என்று சொல்லிவிட்டு வேறு கடைக்கோ வேறு வங்கிக்கோ போகிற தெம்பும் இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அம்மாவுக்கு அது கிடையாது. கேட்டதைக் கொடுத்தால்தான் அரிசி. மறுக்க முடியாத ஆட்களிடம்தான் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஆகவே இந்த உரிமை யாருக்கு முதலில் வேண்டும் என்று பார்த்தால், வரிசை கீழேயிருந்துதான் தொடங்கும்.

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை" என்பதையும் இந்தப் பேச்சில் யாராவது எடுத்துவிடுவார்கள். அந்தப் பழமொழியில் மடியில் கனம் வைத்திருப்பவன் திருடன் இல்லையே! காசை முடிந்துகொண்டு ஊருக்குப் போகிறவன். அவன் பயப்படுவது வழிப்பறிக்காரனுக்கு. தப்புச் செய்தவனுக்குத்தான் மறைக்க ஏதாவது இருக்கும் என்று யார் சொன்னது?

சரி, கதைக்கு வருகிறேன். தனியுரிமை என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம், செல்போன் வந்த பிறகு முளைத்த கவலை என்று நினைக்கிறோம். மதுரை மாவட்டம் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று விடிகிற நேரத்தில் அங்கே போலீஸ் வந்தது. வந்த வேலை, ஊர் ஆண்களின் விரல் ரேகையைப் பதிவு செய்வது. பிரமலைக் கள்ளர் சமூகத்தை வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்திருந்தது. சட்டம் 1871-ல் வட இந்தியாவுக்காகப் போட்டது. 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "ரேகைச் சட்டம்". பெயரிலேயே பிரச்சினை எது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒருவன் குற்றம் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்திருந்தால் போதும். ரேகையைப் பதிந்துவிட்டால் அப்புறம் ராத்திரியில் போலீஸ் சொல்லும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பொண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும், வயலுக்குத் தண்ணீர் திறக்கிற முறை என்றாலும் சீட்டு இல்லாமல் நகர முடியாது. பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். நினைவுத்தூண் இன்றும் அங்கே இருக்கிறது.

அந்த ஜனங்கள் ஏன் உயிரைக் கொடுத்து ஒரு மைத்தடத்தை மறுத்தார்கள்? ரேகையை வைத்தால் பட்டியலில் ஏறுவோம், ஏறிவிட்டால் அந்தப் பட்டியல் தங்களை என்ன பாடு படுத்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியுரிமை பற்றி எத்தனையோ சட்டப் புத்தகங்கள் வந்துவிட்டன. அவற்றில் இருக்கிற சாரம் இந்தப் புரிதலுக்கு மேல் அதிகம் போய்விடவில்லை என்பது என் கட்சி. (உலகத்தின் முதல் விரல்ரேகை அலுவலகங்களில் ஒன்று 1897-ல் திறந்தது லண்டனில் இல்லை, கல்கத்தாவில். புது வித்தையை ஆள்பவன் முதலில் யார்மேல் பரிசோதிப்பான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.)

பட்டியல் என்று சொன்னேன் அல்லவா, அதிலேயே கொஞ்சம் நிற்கலாம். ஒரு விவரத்தை எதற்காக வாங்கினார்களோ அதற்கு மட்டும் அது பயன்பட்டால் பாதிப் பிரச்சினை கிடையாது. ஆனால் பட்டியல் எழுதியவன் கையிலேயே எப்போதும் இருப்பதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிப் பிடித்தன என்று உயிர் தப்பியவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்தடுத்த வீடுகளில் இது தமிழர் வீடு, இது சிங்களவர் வீடு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பட்டியலில் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாக்குரிமைக்காகக் கொடுத்த பெயரும் கதவு எண்ணும் அது. கொடுத்தவர்கள் மடியில் என்ன கனம் இருந்தது? தப்பு ஒன்றும் செய்யவில்லை, ஓட்டுப் போடப் பதிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து நெதர்லாந்தும் இதேதான். அங்கே மக்கள் பதிவேடு போருக்கு முன்பே வெகு ஒழுங்காக இருந்தது. ஒவ்வொருவருடைய மதமும் அதில் உண்டு. நாஜிகள் வருவதற்கு முன் அது நிர்வாகத்துக்கு நல்ல வசதி. வந்த பின் யூதர்களைப் பொறுக்கி எடுக்க அதே வசதி. சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 இரவு, வில்லெம் அரோண்டேயஸ் என்ற ஓவியரும் தோழர்களும் போலீஸ் உடுப்பு போட்டுக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து அந்தப் பதிவேடுகளுக்குத் தீ வைத்தார்கள். அணைக்க வந்த தீயணைப்புக்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை பார்த்து, எரியாத காகிதங்களின் மேலும் தண்ணீரைத் தாராளமாகப் பீய்ச்சினார்கள் என்று சொல்வார்கள். அப்படியும் எரிந்தது ஒரு பகுதிதான். அரோண்டேயஸ் அந்த ஜூலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

1948-ல் ஐ.நா. உலக மனித உரிமைப் பிரகடனத்தை எழுதியவர்கள் இந்த அனுபவத்திலிருந்து வெளியே வந்தவர்கள். 12-ம் பிரிவில் தனிவாழ்க்கை, குடும்பம், வீடு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றில் யாரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்று எழுதினார்கள். உயிர் வாழும் உரிமையும் சித்திரவதைக்கு ஆளாகாத உரிமையும் இருக்கிற அதே பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது. போகிற போக்கில் சேர்த்தது இல்லை.

ஜெர்மனிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மேற்கு ஜெர்மனி அரசு 1983-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப் போனபோது நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. கணக்கெடுப்பில் வாங்கும் விவரத்தை வைத்தே நகராட்சிப் பதிவேடுகளையும் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பகுதிகளைச் செல்லாதது ஆக்கியது. தன்னைப் பற்றிய விவரம் யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை அந்த மனிதனுக்குத்தான் என்றது. தீர்ப்பில் எனக்குப் பிடித்த வாதம் இது: தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று தெரியாதவன் கூட்டத்துக்குப் போக யோசிப்பான், சங்கத்தில் சேர யோசிப்பான், அப்படி எல்லாரும் யோசித்தால் ஜனநாயகம் எங்கே நடக்கும்? நல்லவனுக்கும் ஏன் தனியுரிமை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது. கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு கும்பல் அலைந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, இந்தத் தீர்ப்பு வந்தபோது.

நம் நாட்டுக்கு வருவோம். அரசியல் சாசனத்தில் "தனியுரிமை" என்ற பெயரில் ஒரு பிரிவு கிடையாது. வந்திருக்க வேண்டியது. கடிதங்களின் இரகசியமும், காரணமில்லாத சோதனையிலிருந்து பாதுகாப்பும் அம்பேத்கர், முன்ஷி ஆகியோரின் ஆரம்ப வரைவுகளில் இருந்தன. போலீஸ் விசாரணைக்கும் வழக்கு நடத்துவதற்கும் இடைஞ்சலாகும் என்று அரசியல் சாசன ஆலோசகர் பி.என். ராவும் நம் சென்னை வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஆட்சேபித்தார்கள், எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டையின் பலனை அனுபவித்தவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசத்து கரக் சிங்.

1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் அவர் பெயரில் ஒரு வரலாற்றேட்டை, அதாவது கண்காணிக்க வேண்டியவர்களுக்குப் போடும் "ஹிஸ்டரி ஷீட்"டை, திறந்துவிட்டது. அதற்கப்புறம் ராத்திரி வேளையில் சௌக்கிதார் என்ற ஊர்க் காவலரோ கான்ஸ்டபிளோ வருவார்கள். கதவைத் தட்டுவார்கள், கத்துவார்கள், எழுப்பி ஆள் இருக்கிறானா என்று பார்ப்பார்கள், சில நேரம் உள்ளேயும் வருவார்கள். வேறு ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போகிற ஊர் போலீஸுக்கும் தகவல் பறக்கும். பெருங்காமநல்லூர் நினைவுக்கு வருகிறதா? வெள்ளைக்காரன் போன பிறகும் முறை அப்படியேதான் இருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ராத்திரியில் வீட்டுக்குள் வருவது செல்லாது என்றார்கள். ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பு, தனியுரிமை என்று ஓர் உரிமை நம் சாசனத்தில் உத்தரவாதம் செய்யப்படவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. எழுதியவர் என். ராஜகோபால ஐயங்கார். மாறுபட்டு எழுதியவர் கே. சுப்பா ராவ். போலீஸ் கண் எந்நேரமும் மேலே இருந்தால் ஒருவன் நடமாடுவது சுதந்திரம் ஆகாது, தனியுரிமை தனிமனிதச் சுதந்திரத்தின் உள்ளேயே அடங்கியது என்றார். இரண்டு பேருமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக இருந்தவர்கள் என்பது ஒரு தற்செயல். சுப்பா ராவ் சொன்னது சட்டமாக 55 வருஷம் ஆனது.

நடுவில் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடப் போனது. அதில் சில அதிகாரிகளின் பெயர் அடிபட்டது. வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை மிரட்டியது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குடிமகனுக்குத் தனியுரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, கூடவே இன்னொன்றும் சொன்னது: பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், அரசு ஊழியர் தன் பதவி வேலையில் செய்ததை விமர்சிக்கும்போது தனியுரிமை என்ற போர்வைக்குள் ஒளிய முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆதார் வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-ல் அதை எதிர்த்து மனுப் போட்டார். அப்போதே எண்பதைத் தாண்டிய மனிதர். அரசுத் தரப்பு 1954-ல் வந்த எம்.பி. சர்மா வழக்கையும் கரக் சிங் வழக்கையும் எடுத்துக் காட்டி, இந்தியக் குடிமகனுக்குத் தனியுரிமை அடிப்படை உரிமையே இல்லை என்று வாதாடியது. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டும் அல்லவா, ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில், தனியுரிமை அடிப்படை உரிமைதான், 21-வது பிரிவின் உயிர் மற்றும் சுதந்திரத்திலேயே அது இருக்கிறது என்றார்கள்.

உங்கள் கேள்வியை அந்த நீதிமன்றத்திலேயே கேட்டார்கள், தெரியுமா? இது மேட்டுக்குடிக் கவலை, ஏழைக்கு வேண்டியது சோறு என்ற வாதம் அங்கே வந்தது. நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அதை நேராகவே மறுத்தது: ஏழைக்கு உரிமை வேண்டாம், வயிற்றுப்பாடு தீர்ந்தால் போதும் என்ற பல்லவியைப் பாடித்தான் வரலாற்றில் மோசமான உரிமை மீறல்கள் நடந்திருக்கின்றன என்று. அரிசியும் உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது. அரிசி கிடைக்கிறதா, யார் தின்கிறார்கள் என்று கேள்வி கேட்கவே உரிமை வேண்டும்.

உரிமை என்றால் அரசு எதையுமே கேட்கக் கூடாது என்று அர்த்தமில்லை. கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், கேட்கிற அளவு அந்த நோக்கத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பின் பரீட்சை இவ்வளவுதான். நலத்திட்டம் நடத்த விவரம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. அரசுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 1948-ம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணக்கெடுப்பில் நீங்கள் சொன்னதை வேறு யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்று 15-ம் பிரிவு சொல்கிறது. 2027 கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப் போகிறார்கள். வாசலில் வந்து நிற்கிற வாத்தியாரிடம் ஜனங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தப் பூட்டு பலமாக இருக்க வேண்டும். பூட்டில் நம்பிக்கை இல்லாத இடத்தில் பதில் பொய்யாகத்தான் வரும், அப்புறம் அந்தக் கணக்கு யாருக்கும் உதவாது.

இனி உங்கள் இன்னொரு வாதம்: "ஏற்கெனவே எல்லாம் போய்விட்டது." போன் நம்பர் போனது உண்மை. ஆனால் தனித்தனியாகக் கிடக்கிற விவரத்துக்கும் ஒன்றாகக் கோத்த விவரத்துக்கும் நிறைய வித்தியாசம். நம்பரோடு பிறந்த தேதி சேரும், அதோடு மருந்துக்கடை பில், அதோடு எந்தெந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்பது. ஒவ்வொன்றும் அற்பம். சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு என்ன நோய், எவ்வளவு பணமுடை, எந்தக் கட்சி என்று உங்கள் சொந்தக்காரருக்குத் தெரியாதது கோத்தவனுக்குத் தெரியும்.

பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். ரேகை போனால்? இது கற்பனை இல்லை. தெலங்கானாவில் 2018-ல் ஓர் ஆள் பிடிபட்டான். பத்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி கிடந்த கிரயப் பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த விரல் ரேகைகளை ரப்பர் ஸ்டாம்பு செய்கிற முறையில் வார்த்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை அடுத்தவர் பெயரில் உயிர்ப்பித்திருந்தான். சில வருஷம் கழித்து அதே வித்தையில் கிராமத்து ஜனங்களின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆதாரும் ரேகையும் இருந்தால் பணம் எடுக்கலாம் என்ற வசதி, ஏ.டி.எம். இல்லாத ஊருக்காக வந்தது. ஓ.டி.பி. கிடையாது. பாஸ்புக்கை நிரப்பிப் பார்க்கும்போதுதான் காசு போனதே தெரியும். நிலம் வாங்கியதற்குச் சாட்சியாக வைத்த ரேகை, திருடனுக்குச் சாவி ஆகிவிட்டது.

இன்னொரு கூத்து ஜெராக்ஸ் கடை. உங்கள் ஊர்க் கடையிலேயே போய்ப் பாருங்கள். "அண்ணா, ஆதார் ஒரு பிரிண்ட்" என்றால், "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்பார். கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே இருக்கும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வரிசையாக ஊராருடைய ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், பையனின் மார்க் ஷீட். அண்ணன் நல்லவர்தான், யாரையும் ஏமாற்ற மாட்டார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகும், வேலைக்கு நிற்கிற பையன் மாறுவான், கடையே ஒரு நாள் கைமாறும். ஃபோல்டர் மட்டும் அப்படியே இருக்கும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. நல்ல புத்திமதி. இரண்டு நாளில் அரசே அதை வாபஸ் வாங்கியது, ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதைவிடக் கொடுமை கடன் ஆப். ஐயாயிரம், பத்தாயிரம் அவசரத்துக்கு வாங்குகிறார்கள். ஆப்பைப் போட்டவுடன் தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். அழுத்தினால்தான் அடுத்த திரை. தவணை தவறினால், போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் மெசேஜ் போகும்: மாமனாருக்கு, மேனேஜருக்கு, பிள்ளையின் டீச்சருக்கு. படத்தை ஆபாசமாக வெட்டி ஒட்டியும் அனுப்புவார்கள். தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் இதனால் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. அந்தக் காலக் கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்று கத்துவான், தெருவுக்குத்தான் தெரியும். இவன் ஊர் ஊராகக் கத்துகிறான். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்பு எண்கள், அழைப்பு விவரம், கோப்புகள் எதையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. விதிக்கு உட்பட்ட கம்பெனிகள் ஓரளவு திருந்தின. பதிவே இல்லாமல் ஓடுகிறவனை அது எப்படிக் கட்டும்?

அந்த மெசேஜ் வந்த மாமனாரும் டீச்சரும் எந்த ஆப்பிலும் எதற்கும் சம்மதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "என் விவரம், நான் கொடுத்தேன், உனக்கென்ன?" என்பது இங்கே செல்லாது. நீங்கள் கொடுத்தது என் நம்பரையும் சேர்த்துத்தான். ஃபேஸ்புக்கில் இருப்பவர்களின் விவரத்தைத் தேர்தல் பிரசாரத்துக்காக அள்ளிய கேம்பிரிட்ஜ் அனலிடிகா கம்பெனியின் விவகாரத்தில் இது அப்பட்டமாக வெளிவந்தது. ஃபேஸ்புக் 2018-ல் கொடுத்த கணக்குப்படி, விவரத்தை அள்ளப் பயன்பட்ட கேள்வி-பதில் ஆப்பை இந்தியாவில் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர். விவரம் போயிருக்கலாம் என்று கணக்கிட்டது 5.62 லட்சம் பேருடையது. நண்பர்கள் பட்டியல் வழியாக. தெருவில் ஒரு வீட்டில் மட்டும் கொசு மருந்து அடித்து ஆகப் போவது ஒன்றுமில்லை என்கிற மாதிரி, ஒவ்வொருவர் சாமர்த்தியத்தை நம்பி விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

நோயாளி விவரத்தில் இதை நாமே கண்ணால் பார்த்தோம். 2020 கொரோனாக் காலத்தில் சென்னையில் வீட்டு வாசலுக்குத் தகரம் அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தகரம் அடிக்கப் பயந்தே சோதனைக்குப் போகாமல் காய்ச்சலை மறைத்தவர்கள் ஏராளம். நோயைப் பிடிக்கப் போட்ட ஏற்பாடு நோயை ஒளிய வைத்தது. நாட்டின் பல இடங்களில் நோயாளி வீட்டில் போஸ்டர் ஒட்டினார்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்றது.

சரி, சட்டம்தான் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. புட்டசாமி தீர்ப்புக்கு ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நல்லது சிலது இருக்கிறது. சம்மதம் என்பது சுதந்திரமாகவும் குறிப்பாகவும் நிபந்தனையில்லாமலும் பெற்றதாக இருக்க வேண்டும். கேட்கிற வாசகத்தைத் தமிழில் பார்க்கவும் வழி இருக்க வேண்டும். விவரம் கசிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அபராதம் போவது அரசுக் கருவூலத்துக்கு. பாதிக்கப்பட்டவருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இருந்த 43ஏ பிரிவையும் இது எடுத்துவிடுகிறது. 17-ம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி மத்திய அரசு தன் எந்த அமைப்புக்கும் விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். கண்காணிக்கிற வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. பெருங்காமநல்லூரில் ரேகை கேட்டதும் அரசுதான், கரக் சிங் கதவைத் தட்டியதும் அரசுதான். முக்கியமான ஆளுக்குப் பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள் என்பதே இந்தச் சட்டத்தின் மேல் என் பெரிய குறை.

ஆட்டோ சங்கர் வழக்கை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். இந்தச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்திவிட்டது. முன்பு, தனிப்பட்ட விவரம் என்றாலும் பொது வேலைக்குச் சம்பந்தம் இருந்தாலோ பொது நலன் பெரிதாக இருந்தாலோ கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிப்பட்ட விவரம் என்றால் மறுக்கலாம் என்று மட்டும் நிற்கிறது. பொது நலனுக்காக வெளியிடும் 8(2) இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது, இருக்கிறதுதான். ஆனால் தாலுகா ஆபீசில் மனுவை நீட்டுகிறவருக்குத் தெரியும், மறுக்க ஒரு வரி கிடைத்தால் போதும் என்று காத்திருக்கிற ஊரில் என்ன நடக்கும் என்று. நூறு நாள் வேலை வருகைப் பட்டியலில் செத்தவர் பெயரில் கூலி போனதை ஊர் எப்படிக் கண்டுபிடித்தது? பட்டியலைப் படித்துத்தான். எளிய மனிதனின் வீட்டுக்குப் போட வேண்டிய திரையை அதிகாரியின் கோப்புக்குப் போட்டால், 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குத் தலைகீழ் அது.

உங்களுக்கு இப்போதைக்குப் பயன்படுகிற சிலதையும் சொல்லிவிடுகிறேன். ஆதார் நகல் கேட்கிற இடத்தில், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், பெரும்பாலான இடங்களில் அது போதும். ரேகையைப் பூட்டி வைக்கிற வசதியும் அங்கே உண்டு. ரேஷனுக்கோ வங்கிக்கோ ரேகை வேண்டியிருக்கும் நேரத்தில் திறந்து, முடிந்ததும் பூட்டுங்கள். வயதான அப்பா அம்மா கணக்கில் இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள். துணிக்கடை பில்லுக்கு நம்பர் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என 2023-லேயே மத்திய நுகர்வோர் துறை கடைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் வந்ததும், கூச்சப்படாமல், உங்கள் கண் முன்னாலேயே ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள். கடன் ஆப் தொடர்பு எண்களைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மிரட்டல் வருகிறது என்றால் அவமானம் பார்க்காமல், ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு முதலில் போன் போடுங்கள். பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.